பொதுச்சுவரில் ஒரு ஜன்னல்

நாற்பத்தோரு சதுர மீட்டர்.
பால்கனியைச் சேர்த்தால் நாற்பத்து மூன்று
என்றான் தரகன் லிசாந்த்ரோ.
பால்கனியில் ஒரு துணிக்கொடி கட்டலாம்,
சண்டை போட்டுக்கொண்டு வந்த ஒருவர் நிற்கலாம்.

வில்லா கிரெஸ்போ. நான்காம் மாடி, பின்பக்கம்.
லிஃப்ட் மூன்று பேருக்கு,
அதில் இருவராவது காதலர்களாக இருக்க வேண்டும்.
படுக்கையறை இருட்டு. கூடம் அதற்குத் தம்பி.
சமையலறைக் கதவு திறந்தபோதுதான்
ராமிரோ என் முழங்கையைப் பிடித்தான்.

அடுப்புக்கு மேலே, பக்கச் சுவரில், ஒரு ஜன்னல்.
கீழே மெக்கானிக் ஷெட்டின் தகரக் கூரை,
தகரத்தை முட்டிக்கொண்டு ஒரு அவகாடோ மரம்,
அப்புறம் நெடுந்தூரத்துக்கு யாருமே இல்லாத வானம்.
மே மாதக் குளிரில் வெயில் வந்து
பாத்திரத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தது.

இதற்கு எவ்வளவு என்று கேட்டேன்.
லிசாந்த்ரோ அன்றைக்கு முதல்முறையாக உண்மை பேசினான்:
"இது பொதுச்சுவரைக் குடைந்து வைத்தது, அனுமதி கிடையாது.
பக்கத்து மனையில் கட்டினால் அடைத்துவிட வேண்டும்.
அதனால் விலையில் சேர்ப்பதில்லை."

போன வருடம் டயர் மாற்றிய இடத்தில்
இந்த வருடம் ஒருத்தி
நாய்களுக்குப் பிறந்தநாள் கேக் விற்கிறாள்.
சிரித்தோம்.
எங்களைப் பார்த்தும் யாரோ ஒருவர்
இந்தத் தெருவில் வாடகையை ஏற்றியிருப்பார்.

இங்கே வீட்டுக்குப் பெசோ செல்லாது.
பதினொரு வருடம் இரவு ஷிஃப்டில்
அடுத்தவர் எலும்புகளைப் படம் பிடித்த பணமும்
ராமிரோவின் டாக்சி உரிமத்தை விற்ற பணமும்
டாலராகி
என் இடுப்பிலும் அவன் காலுறையிலும் கட்டுண்டு
சுரங்க ரயிலில் நின்றபடியே வந்தன.
எங்கள் வாழ்நாளில் அவ்வளவு நேராக
நாங்கள் நின்றதே இல்லை.

வங்கியில் அதற்கென்று ஒரு அறை, ஜன்னல் இல்லாதது.
எண்ணும் இயந்திரம் கூண்டுப் புறாவாகப் படபடத்தது.
விற்பவர், எலியாஸ் கபுலி,
பழைய நோட்டுகளைத் தனியே ஒதுக்கினார்.
அதே நூறு, அதே மனிதர், முகம் மட்டும் சிறியது.
சின்ன முகத்துக்கு மதிப்புக் குறைவாம்.
நானூறு டாலர் அந்த முகங்களோடு போயிற்று.

நோட்டரி பெராசா மூச்சுவிடாமல் வாசித்தாள்,
எல்லைகள், தீர்வைகள், தண்ணீர் பாக்கி,
பிறகு அந்த வரி:
மேற்படி திறப்பு நிலையானதல்ல, ஈடு கோர உரிமையில்லை.
எனக்கு யாரைப் பற்றியோ படிப்பதுபோல் இருந்தது.
கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து சாவிகள் தந்தார்.
எது எந்தக் கதவுக்கென்று கபுலிக்கே மறந்துவிட்டது.

ஆகஸ்டில் மெக்கானிக் ஷெட்டின் வாசலில் பலகை ஏறியது.
பதினான்கு மாடி.
வெளிச்சத்தில் வாழுங்கள், முன்பதிவு தொடங்கிவிட்டது.
ராமிரோ அந்தப் பலகைக்கு மிக மோசமான ஒரு வார்த்தை சொன்னான்,
பிறகு முன்பதிவு விலையைக் கேட்டுப் போன் செய்தான்.

பூட்டு மாற்ற வந்தவள் ஹைகானுஷ்,
அடுத்த கட்டடத்துக்காரி, அதே நான்காம் மாடி.
வேலை முடிந்ததும் கைகழுவாமல்
எங்கள் படுக்கையறைக்குள் போய்
சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தாள்.
ஓரிடத்தில் சத்தம் மாறியது.

"இங்கேதான். எங்கள் குளியலறை ஜன்னல்.
உங்கள் கட்டடம் வந்தபோது அடைத்தார்கள்.
சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது."

என்ன செய்கிறீர்கள் அதை என்று கேட்டேன்.

"ஷாம்பு வைக்கிறோம்."

அன்றிரவு எங்கள் கட்டிலை
அந்தச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டேன்.
ஏன் என்று ராமிரோ கேட்கவில்லை.
காலையில் அளவு நாடாவோடு சமையலறையில் நின்றான்:
ஜன்னலின் ஆழம் முப்பது சென்டிமீட்டர்.
மாத்தே டப்பா கொள்ளும், உப்பும் கொள்ளும்.

கிரேன் இன்னும் வரவில்லை.
அவகாடோ ஒன்று தகரத்தில் விழுந்து
தெருவே கேட்கும்படி உருள்கிறது.
பாத்திரம் கழுவ இன்று அவன் முறை.
இல்லை, என் முறை என்கிறேன்.